அடுக்குமாடி பார்க்கிங்கில் ஒரு சின்னப் பட்டறை: சென்னையில் வார இறுதி மெக்கானிக்குக்கு என்ன கருவி வேண்டும், எங்கே வைப்பது

சொந்த வண்டியைச் சொந்தக் கையால் பார்த்துக்கொள்ள ஆசைப்படும் சென்னைக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தனி ஷெட் கிடையாது. அடுக்குமாடிக்குக் கீழே இரண்டு தூண்களுக்கு நடுவில் எண் எழுதிய ஒரு கார் இடம் இருக்கும். தனி வீடாக இருந்தால் கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் ஒரு போர்ட்டிகோ. அவ்வளவுதான். வீடியோக்களில் பார்க்கும் இழுப்பறை அலமாரிகளையும் சுவர் முழுக்கத் தொங்கும் ஸ்பேனர்களையும் அந்த இடத்தில் கற்பனை செய்துகொண்டு பணத்தைச் செலவழித்தால், இரண்டு மழைக்காலம் தாண்டியதும் பாதி துருப்பிடித்துக் கிடக்கும்.

என் கருத்து இது: நம் ஊரில் கருவி வாங்குவது பாதி வேலை, அதை உப்புக் காற்றிலிருந்தும் மழைத் தண்ணீரிலிருந்தும் காப்பது மீதிப் பாதி. வைக்க எவ்வளவு உலர்ந்த இடம் இருக்கிறது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், எவ்வளவு வாங்குவது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் வண்டியைப் பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். அடுத்த ஆறு மாதத்தில் நீங்களே செய்ய நினைக்கும் வேலைகளை எழுதுங்கள். பைக் என்றால் பெரும்பாலும் இவைதான் வரும்: செயினைச் சுத்தம் செய்து ஆயில் விட்டுத் தொய்வைச் சரிசெய்வது, ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேட்டரி டெர்மினல், இன்ஜின் ஆயில், பிரேக் ஷூ அல்லது பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பது. கார் என்றால் ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பேட்டரி, வைப்பர், பல்பு, சக்கரம் கழற்றி மாட்டுவது. ஆயில் மாற்றுவதைக் கொஞ்சம் கை பழகியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் எதிரே, அதற்காகத் தொட வேண்டிய நட்டு, போல்ட்டின் தலை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுங்கள். ஓனர்ஸ் மேனுவலில் கொஞ்சம் கிடைக்கும். மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் வெர்னியரால் அளந்துவிடலாம். இந்தப் பட்டியல் முடியும்போது உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரு சாதாரண 100, 125 சிசி பைக்கில் அடிக்கடி தொடும் அளவுகள் 8, 10, 12, 14, 17, 19 என்ற ஆறுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதற்குக் காரணம் உண்டு. ஹீரோ, ஹோண்டா, யமஹா, சுசுகி, மாருதி போன்ற ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் 6 மி.மீ. தடிமன் போல்ட்டுக்கு 10 தலை, 8 மி.மீ. போல்ட்டுக்கு 12 தலை, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14 தலை இருப்பது வழக்கம். ஐரோப்பிய வழக்கைப் பின்பற்றும் வண்டிகளில் அதே 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 தலையும், 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 அல்லது 17 தலையும் வரும். ஆகவே 13, 16 உங்களுக்குத் தேவையா என்பதை உங்கள் வண்டிதான் சொல்ல வேண்டும், செட் போட்டு விற்கும் கம்பெனி அல்ல. பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் தனி வகை. அதில் பிரிட்டிஷ் இன்ச் அளவுகள் கலந்திருக்கும், மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் தலை உருண்டுவிடும். அந்த வண்டி தெரிந்த ஒரு மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியல் போடுங்கள்.

வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால், ஃப்ரீ சர்வீஸ் முடியும்வரை செயின், காற்று, துடைப்பு என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது.

என்ன வாங்குவது

"108 பீஸ் செட்" என்று பளபளக்கும் பெட்டியைப் பார்த்ததும் மனம் போகும். போக விடாதீர்கள். அந்த 108-ல் பாதி சின்னச் சின்ன பிட்டுகள். நாலு அளவு சாக்கெட்டைத்தான் நீங்கள் திரும்பத் திரும்ப எடுப்பீர்கள், அந்த நாலும் மட்டமான இரும்பாக இருந்தால் மொத்தப் பெட்டியும் வீண். அதே பணத்துக்குப் பத்து நல்ல கருவி வாங்கலாம்.

ஸ்பேனரிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் திறந்த வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர்தான் வீட்டுக்கு ஏற்றது. இறுகிய போல்ட்டை முதலில் ரிங் பக்கத்தால் இளக்குங்கள், தளர்ந்தபின் திறந்த வாயால் வேகமாகக் கழற்றுங்கள். திறந்த வாய் இரண்டு முகத்தில்தான் பிடிக்கிறது. இறுகிய போல்ட்டில் அதைப் போட்டு இழுத்தால் விரல் முட்டி இன்ஜினில் மோதும், போல்ட்டின் மூலையும் போகும். டாப்பாரியா மாதிரி இந்தியக் கம்பெனி ஸ்பேனர்கள், குரோம் வனேடியம் எஃகு என்று முத்திரை குத்தியவை, வீட்டு வேலைக்கு ஆயுளுக்கும் போதும். வெளிநாட்டு பிராண்டுக்கு நாலு மடங்கு கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அடுத்து சாக்கெட், நம் பட்டறைகளில் பாக்ஸ் ஸ்பேனர் என்று சொல்வது. இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, உள்ளே ஆறு முனையா, பன்னிரண்டு முனையா? ஆறு முனை உள்ளது போல்ட்டின் தட்டை முகத்தில் அழுத்துகிறது. பன்னிரண்டு முனை உள்ளது மூலைக்குப் பக்கத்தில் அழுத்துகிறது. துருப்பிடித்த போல்ட் அதிகம் பார்க்கும் ஊரில் ஆறு முனையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, சாக்கெட்டை மாட்டித் திருகும் கைப்பிடியான ராட்செட்டின் சதுர முனை. கடைகளில் சாதாரணமாக எடுத்துப் போடுவது அரை இன்ச். காரின் சக்கர நட்டுக்கு அது சரி. பைக்குக்கு அது பெரிது, இடுக்கில் நுழையாது, தெரியாமல் அதிகமாக முறுக்கியும் விடுவோம். பைக் மட்டும் வைத்திருப்பவர் 3/8 இன்ச் செட்டைத் தேடி வாங்கினால், தேடிய அலைச்சல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திரும்பக் கிடைக்கும்.

ராட்செட்டின் பற்களையும் எண்ணிக் கேளுங்கள். 24 பல் என்றால் ஒவ்வொரு பிடிக்கும் 15 பாகை கையை ஆட்ட வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். டேங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் கை மாட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பைக் மெக்கானிக்குகள் எல்லோர் கையிலும் ஆங்கில T வடிவத்தில் இருக்கும் டி ஸ்பேனர் பார்த்திருப்பீர்கள். 10-ம் 12-ம் மட்டும் வாங்குங்கள். ராட்செட்டைவிட வேகமாகவும், எவ்வளவு முறுக்குகிறோம் என்பது உள்ளங்கைக்குத் தெரியும்படியும் வேலை நடக்கும். ஸ்பார்க் பிளக்குக்குத் தனி சாக்கெட் வேண்டும். 14 மி.மீ. மரை உள்ள பழைய பிளக்குகளுக்கு 21, சிறிய பிளக்குகளுக்குப் பெரும்பாலும் 16. வண்டியோடு வந்த டூல் கிட்டில் ஒன்று இருக்கும், அது நன்றாக உட்கார்ந்தால் தனியாக வாங்க வேண்டாம்.

ஸ்டார் ஸ்க்ரூ, அதாவது தலையில் கூட்டல் குறி போலக் குழி உள்ள ஸ்க்ரூ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகம் கெடுக்கும் இடம் இதுதான். ஜப்பானிய வழி வந்த பைக்குகளில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவில் செய்தவை. தலையில் ஒரு சின்னப் புள்ளி இருந்தால் அது அந்த வகை. சாதாரண பிலிப்ஸ் டிரைவரின் முனை அதில் முழுதாக உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் தலை கிண்ணமாகிவிடும். ஜே.ஐ.எஸ். முனை உள்ள டிரைவர் ஆன்லைனில் கிடைக்கிறது. அதோடு கையால் அடிக்கும் இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சுத்தியலால் தட்டினால் முனை ஸ்க்ரூவுக்குள் அழுந்திக்கொண்டே கொஞ்சம் திரும்பும். வருடக்கணக்கில் திறக்காத இன்ஜின் கவர் ஸ்க்ரூக்கள் இதற்குத்தான் மசியும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆலன் கீ செட், பந்து முனை உள்ளதாக. கட்டிங் பிளேயர், நோஸ் பிளேயர். அரைக் கிலோ சுத்தியல், கூடவே ஒரு ரப்பர் சுத்தியல். டயர் பிரஷர் கேஜ், ஒரு கால் பம்பு. பேட்டரியும் ஃப்யூஸும் பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர். தலையில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு, ஏனென்றால் அடுக்குமாடி பார்க்கிங்கில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் இருட்டுதான். நைட்ரைல் கையுறை, துடைக்க பனியன் வேஸ்ட் துணி, உப்புத்தாள், ஆயில் பிடிக்க அகலமான ஒரு தட்டு.

பேட்டரியில் ஓடி, அடித்து அடித்து முறுக்கும் இம்பாக்ட் ரெஞ்ச் முதல் வருடம் வேண்டவே வேண்டாம். போல்ட் எந்த அளவில் இறுகுகிறது, எங்கே மரை உருவ ஆரம்பிக்கிறது என்பதைக் கை முதலில் கற்க வேண்டும். பிறகு வாங்கினாலும் கறுப்பு நிற இம்பாக்ட் சாக்கெட்டோடுதான் பயன்படுத்த வேண்டும். பளபளக்கும் குரோம் சாக்கெட் அந்த அடியில் விரிசல் விட்டுச் சிதறலாம்.

டார்க் ரெஞ்ச்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

போல்ட்டைக் குறித்த அளவு முறுக்குக்கு மட்டும் இறுக்க உதவும் ரெஞ்ச் இது. பைக்கின் இன்ஜின் உடம்பு அலுமினியம். அதில் இறங்கும் போல்ட் எஃகு. 10 தலை உள்ள 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாகத் தேவைப்படும் முறுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். 15 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் ஏழு கிலோவுக்கும் குறைவான அழுத்தம் அது. ஒரு பெரிய ஆள் சும்மா சாய்ந்தாலே அதைத் தாண்டிவிடும். தாண்டினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும், அப்புறம் லேத் பட்டறைக்குப் போய்ப் புது மரை போட்டுத்தான் மீட்க வேண்டும். ஒரு முறை அப்படிப் போய்வரும் செலவும் அலைச்சலும் ஒரு நல்ல டார்க் ரெஞ்சின் விலையில் கணிசமான பங்கு.

பைக்குக்கு 5-இலிருந்து 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் சின்னது முதலில். காரின் சக்கர நட்டுகளுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித் தேவைப்படும், அதற்குப் பெரியது வேறு. உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்து எழுதி வையுங்கள். டார்க் ரெஞ்சை இறுக்க மட்டும் பயன்படுத்துங்கள், கழற்ற அல்ல. வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எல்லைக்குத் திருப்பி வையுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுந்திய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் கணக்குத் தவறும்.

எங்கே வாங்குவது

உதிரிபாகத்துக்கு ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும். அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு புதிய ஸ்பேர், அக்சசரி கடைகளுக்குப் பெயர் போனது. எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் சந்தை, இப்போது உற்பத்தியில் இல்லாத வண்டிக்குப் பொருள் தேடுகிறவர்களுக்கு அதுதான் கதி. கைக்கருவிகளுக்கு பிராட்வே, மண்ணடிப் பக்கத்து ஹார்டுவேர் தெருக்களுக்குப் போங்கள். மல்டிமீட்டருக்கு ரிச்சி தெரு.

போகும்போது பாக்கெட்டில் இரண்டு போல்ட் போட்டுக்கொண்டு போங்கள், ஒரு 10 தலை, ஒரு 12 தலை, தேயாத புது போல்ட். கடையில் ஸ்பேனரை அதில் மாட்டிப் பாருங்கள். லேசாக ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறதா? வேண்டாம், அடுத்ததை எடுங்கள். பெயரும் அளவும் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கக் கூடாது, இரும்பிலேயே பதிந்திருக்க வேண்டும், எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும். நல்ல பெயருள்ள கருவிகளுக்குப் போலி வருவதால் பில் கேளுங்கள். பில் கொடுக்கத் தயங்கும் கடையில் டார்க் ரெஞ்ச் வாங்காதீர்கள்.

காயலான் கடையில் பழைய ஸ்பேனர் கிடைத்தால் வாங்கலாமா? வாங்கலாம், வாய் விரியாமலும் விரிசல் இல்லாமலும் இருந்தால். மேலே துரு இருப்பது பெரிய குறை அல்ல, உப்புத்தாளும் எண்ணெயும் அதைப் பார்த்துக்கொள்ளும். ராட்செட்டையும் ஜாக்கியையும் மட்டும் பழையதாக வாங்காதீர்கள். உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

எங்கே வைப்பது

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கங்களில் வண்டிகள் எப்படி நின்றன என்பது நமக்கெல்லாம் நினைவிருக்கும். பார்க்கிங் தரையில் வைக்கும் எதுவும் ஒருநாள் நனையும் என்று நினைத்துக்கொண்டே இடத்தைத் திட்டமிட வேண்டும். உங்கள் தெருவில் தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று பழைய குடியிருப்பாளர்களையும் வாட்ச்மேனையும் கேளுங்கள். சில கட்டடங்களில் சுவரில் அந்தக் கறை இன்னும் தெரியும். உங்கள் அலமாரியின் முதல் முக்கியத் தட்டு அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.

இதற்காகக் கருவிகளை இரண்டு குடும்பமாகப் பிரிப்பது நல்லது. மாடி வீட்டிலேயே இருக்க வேண்டியவை: டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், பேட்டரி சார்ஜர், ஸ்பேனர், சாக்கெட், டிரைவர் எல்லாம். இவற்றுக்கு விரிந்து மூடும் ஐந்து தட்டு இரும்பு டூல் பாக்ஸ் ஒன்று போதும். ஒரு கையால் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கும் எடையைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் கீழேயே விட்டுவிட்டு வரத் தோன்றும், அந்த ஒரு வாரம் மழை பெய்யும். கீழே இருக்கக்கூடியவை: ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டை, ஆயில் தட்டு, கால் பம்பு, பிளைவுட் பலகை.

கீழே வைப்பதற்குப் பழைய ஆபீஸ் ஸ்டீல் அலமாரி ஒன்று, பூட்டுள்ளதாக, பழைய ஃபர்னிச்சர் கடையில் வாங்கினால் அருமையாக உதவும். அதை ஆங்கிள் இரும்பில் செய்த ஒரு ஸ்டாண்டின் மேல் முழங்கால் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அலமாரிக்கு இடமில்லை என்றால் துளைபோட்ட ஆங்கிளில் பூட்டும் ரேக். கனமானதைக் கீழே வைக்க வேண்டும் என்பது பொது விதி, ரேக் சாயாமல் இருக்க. நம் ஊரில் அதோடு இன்னொரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கீழ்த் தட்டில் வைக்கும் கனமான பொருள், நனைந்தாலும் துடைத்து எண்ணெய் தடவினால் பிழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஜாக் ஸ்டாண்டுக்கு அந்த இடம் சரி, ஹைட்ராலிக் ஜாக்கிக்குச் சரியில்லை.

தூணில் ஆணியோ ஆங்கர் போல்ட்டோ அடிக்காதீர்கள். தூணுக்குள் இருக்கும் கம்பியை மேலே உள்ள கான்கிரீட்தான் காற்றிலிருந்து மறைத்துக் காக்கிறது. கடல் காற்று உள்ள ஊரில் அதில் துளை போடுவது மொத்தக் கட்டடத்துக்கும் செய்யும் கெடுதல். அசோசியேஷன் அனுமதி கொடுத்தாலும் செய்யாதீர்கள். அலமாரி வைப்பதற்கே செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வெள்ளைக் கோட்டுக்குள் வையுங்கள். பக்கத்து இடத்துக்காரரின் கார் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம், நிறையப் பேர் கவனிக்காதது. நம் அடுக்குமாடிகளில் ஈ.பி. மீட்டர் பெட்டிகள் பெரும்பாலும் கீழ்த்தள பார்க்கிங்கில்தான் இருக்கும். அதன் அருகில் பெட்ரோல், தின்னர், கார்புரேட்டர் கிளீனர் டப்பா எதையும் வைக்காதீர்கள். பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்து எங்கேயுமே வைக்க வேண்டாம். செயின் கழுவ மண்ணெண்ணெய் அல்லது செயின் கிளீனர் போதும். பேட்டரியை மூடிய அலமாரிக்குள் சார்ஜ் போடாதீர்கள், அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும்.

துருவோடு போராட்டம்

திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர் மாதிரி கடலோரப் பகுதிகளில் ஸ்பேனர் ஒரே பருவத்தில் பழுப்பாவதைப் பார்க்கலாம். ஈரக் காற்று மட்டும் காரணம் அல்ல. காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. விரல் வியர்வையிலும் அதே உப்புதான். ஆகவே வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து வைப்பது அழகுக்காகச் செய்வது அல்ல. துடைத்தபின் மெஷின் ஆயிலோ புது இன்ஜின் ஆயிலோ இரண்டு சொட்டு விட்ட துணியால் ஒரு தடவை தடவுங்கள், கை வழுக்காத அளவு மெல்லிசாக. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டவும், இறுகியதை இளக்கவும் நல்லது. மாதக்கணக்கில் பாதுகாக்க அது போதாது, ஆவியாகி மெலிந்துவிடும்.

பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஈரத் துணியோடு கருவியைப் போட்டு மூடுவதுதான் மிக மோசம். துணியைத் தனியாக வையுங்கள். பெட்டிக்குள் நிறம் மாறும் வகை சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஷூ பெட்டியிலிருந்து எடுத்துப் போடும் பை ஏற்கெனவே ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும்.

வருடாந்தரச் சுத்தத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது. ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வருகிறது. அன்றைக்கு எல்லாக் கருவிகளையும் வெளியே எடுத்து, எண்ணி, கழுவி, வெயிலில் காயவைத்து, பூஜையில் வையுங்கள். சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாள் மறக்காமல் துடைத்துவிட்டு எண்ணெய் தடவி உள்ளே வையுங்கள். ஈரச் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்ட இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதனால் அதன் கொதிநிலை குறையும். திறந்த பாட்டிலை அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். சின்ன பாட்டிலாக வாங்குங்கள், மிஞ்சியதை அடுத்த தடவைக்கு என்று வைக்காதீர்கள்.

கழற்றியதைத் தொலைக்காமல் இருக்க

ஒரு கவரைக் கழற்றும்போது பழைய அட்டையில் அந்தக் கவரின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அது இருந்த இடத்தில் குத்தி வையுங்கள். ஒரே கவரில் மூன்று நீளத்தில் போல்ட் இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் துளையில் இறக்கினால் அடியில் முட்டி அலுமினியம் உடையும். மிச்ச நட்டு, வாஷர்களுக்கு ஐஸ்கிரீம் டப்பாக்கள், மூடியில் அளவு எழுதி. கண்ணாடி பாட்டில் வேண்டாம், பார்க்கிங் தரையில் அது உடைந்தால் உங்கள் டயருக்கு மட்டும் அல்ல, எல்லோர் டயருக்கும் ஆபத்து. பெட்டியை மூடும் முன் ஸ்பேனர்களை எண்ணுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டவை

ஜாக்கியில் தூக்கிய காருக்கு அடியில் உடம்பின் எந்தப் பாகமும் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்ட். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். பேவர் பிளாக் தரையில் ஜாக்கியின் கால் சாயும், கீழே தடித்த பிளைவுட் போடுங்கள். கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின்தான் தூக்க வேண்டும்.

பைக் செயினை இன்ஜின் ஓடும்போது துடைக்காதீர்கள். மெயின் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓடும் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் துணி போனால் விரலும் கூடவே போகும். ஞாயிற்றுக்கிழமை காலை லுங்கியோடு இறங்கிவிடுவது நம் வழக்கம். வண்டி வேலைக்கு மட்டும் பேண்ட்டும் மூடிய செருப்பும் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

ஏ.பி.எஸ். பிரேக் யூனிட், ஏர்பேக், மின்சார வண்டியின் உயர் அழுத்த வயரிங் ஆகியவற்றை நல்ல கருவி கையில் இருந்தாலும் தொடாதீர்கள். அவை பயிற்சி பெற்றவர்களுக்கான வேலை.

பழைய ஆயில்

தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். உங்கள் பார்க்கிங் ஓரத்தில் சல்லடை மூடி போட்ட குழி இருந்தால், அதில் இறங்கும் தண்ணீர் உங்கள் நிலத்தடி நீரோடு சேர்கிறது, அதைத்தான் போர்வெல்லில் திரும்ப எடுக்கிறீர்கள். ஒரு சொட்டு ஆயிலும் அங்கே போகக் கூடாது. சிந்தினால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். மரத்தூளோ உலர்ந்த மணலோ போட்டு ஊறவைத்து அள்ளுங்கள். வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் பிடித்து, பக்கத்து ஒர்க்ஷாப்பில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் வழி அவர்களிடம்தான் இருக்கிறது.

முதல் ஞாயிற்றுக்கிழமை

ஆயிலில் ஆரம்பிக்காதீர்கள். முதல் வாரம் செயினும் டயர் காற்றும். இரண்டாவது வாரம் ஏர் ஃபில்டரும் பேட்டரி டெர்மினலும், கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மூன்றாவது வாரம் ஸ்பார்க் பிளக்: இன்ஜின் முழுதாக ஆறியபின் கழற்றுங்கள், திரும்பப் போடும்போது முதல் சில சுற்றுகளைக் கருவி இல்லாமல் விரலாலேயே ஏற்றுங்கள், மரை குறுக்கே ஏறினால் விரலுக்கு உடனே தெரியும். இவை பழகியபின் ஆயில். அதற்கு, ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கான புது டிரெய்ன் வாஷரும் டார்க் ரெஞ்சும் கையில் இருக்க வேண்டும். ஒரு வேலையின் நடுவில் இன்ன கருவி இல்லாமல் நின்றுபோனது என்றால் அதை நோட்டில் எழுதுங்கள். அடுத்த தடவை மண்ணடிக்குப் போகும்போது அந்தப் பட்டியலில் இருப்பதை மட்டும் வாங்குங்கள். செய்த வேலை, தேதி, ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் அதே நோட்டில் குறித்து, நோட்டை டூல் பாக்ஸின் மேல் தட்டிலேயே வைத்துவிடுங்கள்.